ஒரு பேணி ஆணி

மச்சான்,

இன்று காலை தங்கச்சியின் வீட்டுக் கூரையைக் கழற்றினார்கள். கத்தாரில் உழைத்துவிட்டு வந்திருக்கும் அவளுடைய மூத்த மகன் மேல்மாடி எடுக்கப்போகிறானாம். நான் தெருவோடு போனவன், ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டு நின்றுவிட்டேன். கறள் பிடித்த ஆணி பழைய தகரத்தை விட்டு வரும்போது பல்லைக் கூசவைக்கும் ஒரு சத்தம் வருமே, அதுதான். பின்னாலேயே கறள் வாசமும் வந்தது. கூரையில் ஏறியிருந்த தச்சு ஓடாவி தகரங்களை ஒவ்வொன்றாகக் கீழே நழுவவிட்டார். ஐந்தாவதோ ஆறாவதோ மல்லாந்து விழுந்தது. அதன் அடிப்பக்கத்தில் தாரால் எழுதிய ஏழு. ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

எழுத்து என்னுடையது. தகரம் உன்னுடையது.

நீயும் நானும் ஒரே தபால் கந்தோரில் பதினான்கு வருடம் ஊருக்கெல்லாம் கடிதம் சுமந்தோம். ஆனால் ஒருவருக்கொருவர் ஒரு தபாலட்டைகூடப் போட்டுக்கொண்டதில்லை. எதிர் மேசையில் நின்று கடிதம் பிரிக்கிறவனுக்கு யார் கடிதம் எழுதுவான்? இப்போது எழுதுகிறேன். விலாசம் இல்லாத கடிதத்துக்கு என்ன நடக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். நடக்கட்டும்.

எழுபத்தேழில் உங்கள் கிறிஸ்தவ வேதக்கோயிலின் பழைய மண்டபத்தை இடித்தபோது, அதன் கூரைத் தகரத்தில் பதினான்கு உன் வீட்டுக்கு வந்தன. நீ ஏணியில் நின்று கழற்ற, நான் கீழே தார் வாளியும் எழுதத் தும்புக்கட்டையுமாக நின்றேன். "ஒவ்வொண்டுக்கும் இலக்கம் போடு மச்சான். அதே வரிசையில அடிச்சாத்தான் பழைய ஓட்டைக்குள்ளயே ஆணி போகும். புது ஓட்ட போட்டா ஒழுகும்," என்றாய். ஒன்றில் இருந்து பதினான்கு வரை எழுதினேன். ஒன்றும் ஏழும் குழம்பிவிடக் கூடாது என்று ஏழுக்கு நடுவில் கோடு இழுப்பது என் பழக்கம். நீ ஏணியில் இருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாய். "உங்கட ஆக்களப்போல உன்ட ஏழும் சாறனுக்கு மேல பெல்ட் கட்டியிருக்குடா."

அந்தப் பதினான்கையும் உன் வீட்டுக் கைமரங்களில் நாம்தான் அடித்தோம். உன் மகள் எஸ்தர் பாயில் மல்லாந்து படுத்து, அந்த இலக்கங்களைப் பார்த்துத்தான் எண்ணப் பழகினாள். பாலர் பள்ளிக்கூடத்தில் ஏழுக்கு இடுப்புக் கோடு போட்டு ரீச்சரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். "மாமாதான் எழுதின," என்று என்னைக் காட்டிக்கொடுத்தாள். எனக்கு அதில் பெரிய பெருமை.

நீ ஒருநாளும் எனக்கு மதம் போதித்தவன் இல்லை. கடிதம் கொடுக்கும் உன் வழி எங்கள் பக்கத்துத் தெருக்கள். என் வழி உங்கள் பக்கம். கந்தோர்ப் பெரியவர் அப்படிப் பிரித்துத் தந்திருந்தார். உன் வீட்டு வாசலால் நான் தினமும் போவேன், என் தங்கச்சியின் வளவுக்கு முன்னால் நீ தினமும் போவாய். எங்கள் தெருக்களில் எழுத்துத் தெரியாத உம்மாமாருக்குக் கடிதத்தை உடைத்துப் படித்துக் காட்டிவிட்டு, பதிலையும் வேலியோரம் நின்றே எழுதிக்கொடுத்துவிட்டு, வழி முடிக்கப் பின்னேரம் மூன்றாகும். மாரியில் குடையை யாருக்காவது கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வருவாய். "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டால் இவ்வளவுதான் சொல்வாய்: "சீஷன் எண்டா பின்னால போறவன் மச்சான். நம்மட வேல போலத்தான். பைக்குள்ள இருக்கிற கடிதத்தில என்ன எழுதியிருக்கு எண்டு பாக்கிறது நம்மட வேல இல்ல. கொண்டு போய்க் குடுக்கிறதுதான்." நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். அப்போது எனக்கு எல்லாம் சிரிப்புத்தான்.

எழுபத்தெட்டு கார்த்திகையில் அந்தச் சூறாவளி வந்தது. விடிந்தபோது கல்முனையில் நிமிர்ந்து நின்ற தென்னையை விரல்விட்டு எண்ணலாம். நீ உன் மனைவியோடும் எஸ்தரோடும் வேதக்கோயிலில் ஒண்டியிருந்தாய். உன் வீட்டில் சுவர் நின்றது. கைமரங்கள் நின்றன. தகரம் ஒன்றுகூட இல்லை.

எங்கள் கதை உனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். வீடு கட்டிக்கொடுக்க முடியாதவன் வீட்டுப் பெண் குமராகவே இருக்கவேண்டும். வாப்பா மௌத்தாகிவிட்டார், தங்கச்சிக்கு வீடு கட்டுவது என் தலையில். மூன்று வருடமாகக் கல்லுக்கல்லாய் எழுப்பி, கிடுகால் வேய்ந்து, மார்கழி கடைசியில் நிக்காஹ் என்று நாளும் வைத்திருந்தோம். காற்று அந்தக் கிடுகை ஒரு மட்டை மிச்சமில்லாமல் கொண்டு போய்விட்டது. நாலாம் நாள் மாப்பிள்ளையின் உம்மா வந்து, மேலே வானத்தையும் கீழே என் உம்மாவையும் பார்த்தார். "கூரை இல்லாத ஊட்டுக்குப் புள்ளைய எப்பிடி அனுப்புற? நாள் தள்ளுற பழக்கம் எங்களுக்கு இல்ல," என்றார். அவர்களுக்கு வேறொரு வீட்டில் இருந்தும் பேச்சு வந்திருந்தது. ஓட்டு வீடாம், ஓடு ஒன்றுகூட அசையவில்லையாம். தங்கச்சி குசினிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் நான் வளவின் பின்பக்கம் போனேன். விழுந்து கிடந்த தென்னைகளில் முட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது தகரங்கள் கிடந்தன. அந்தக் கிழமைகளில் ஊரே அப்படித்தான் நடந்துகொண்டது. யாருடைய வளவில் விழுந்ததோ அது அவனுக்கு. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. என் மனமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டது, முதல் தகரத்தைப் புரட்டும்வரை. புரட்டினேன். பெல்ட் கட்டிய ஏழு.

தகரத்தை மறுபடி கவிழ்த்து வைத்தேன். உன்னிடம் ஓடிவந்திருக்க வேண்டும். வரவில்லை. கலியாணம் முடியட்டும், பிறகு கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இரவல் எடுப்பதுபோல ஒரு நினைப்பு. கேட்காமல் எடுக்கிற இரவலுக்கு வேறு பெயர் இருக்கிறது என்று பள்ளிவாசல் லெப்பை எத்தனை தரம் சொல்லியிருப்பார்! அடிப்பக்கம் மேலே வரத் திருப்பிப் போட்டால் இலக்கம் மறையும்தான், ஆனால் ஆணி ஓட்டை பள்ளத்தில் வந்து ஒழுகும். ஆகவே இலக்கம் கீழே தெரியத்தான் போடவேண்டும். அதற்கும் என்னிடம் வழி இருந்தது. கலியாண வீட்டில் கூரைக்குக் கீழே வெள்ளைத்துணி கட்டுவோமே, அது மறைத்துவிடும்.

தகரம் கிடைத்தது, ஆணி இல்லை. சூறாவளிக்குப் பிறகு கல்முனைக் கடைகளில் தகர ஆணி பொன்னாகிவிட்டது. நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். மூன்றாம் நாள் கந்தோரில் கடிதம் பிரித்து முடிந்ததும், நீ சைக்கிள் பையில் இருந்து பால்மா வந்த ஒரு தகரப் பேணியை எடுத்து என் மேசையில் வைத்தாய். பாரமாக இருந்தது. உள்ளே குடைத்தலை வைத்த தகர ஆணிகள். காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனபோது உன் கைமரங்களில் மிஞ்சிய ஆணிகள் அவை. ஒவ்வொன்றையும் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தியிருந்தாய். உன் பெருவிரலில் சுத்தியல் பட்டு நகம் கறுத்திருந்தது.

"ஆணி தேடித் திரியிறாய் எண்டு கேள்விப்பட்டன்," என்றாய். "இத வெச்சுக்கொள். அந்த ஓட்டைக்கு அளவா இருக்கும்."

அந்த ஓட்டைக்கு. வேறு என்ன சொல்லவேண்டும்? நீ என் முகத்தைப் பார்க்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாய். உங்கள் வேதத்தில் ஒன்றைப் பறித்தவனுக்கு மற்றதையும் விட்டுக்கொடு என்று ஒரு இடம் இருக்கிறதாம். பிற்பாடு உங்கள் போதகர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், உனக்குத் தெரிந்துவிட்டது என்பதுதான். தெரிந்தும் நான் தெரியாதவன்போல் இருந்தேன். அன்று பின்னேரமே உன் ஆணியால் உன் தகரத்தை என் தங்கச்சியின் வீட்டில் அடித்தேன். பேணியில் கால்வாசி மிஞ்சியது. மச்சான், நான் செய்த களவைவிட அந்த ஆணிகளை எடுத்து அடித்ததுதான் எனக்கு இன்றும் பெரிதாகத் தெரிகிறது.

கலியாணத்துக்கு நீ வந்தாய். வாசலில் நின்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வாழ்த்தினாய். உள்ளே வரவில்லை. "வழி முடிக்கோணும்," என்றாய். அன்று ஞாயிற்றுக்கிழமை.

அந்த மாரி முழுக்க மழை. உங்கள் கோயிலில் நிவாரணம் கொடுத்தபோது உனக்கும் கூரைக்கு விரிக்க ஒரு தார்ப்பாய்ப் படங்கு கிடைத்தது. அதை நீ பிள்ளை பெற்று ஆறு நாளான ஒரு மீன்காரப் பெண்ணின் குடிசைக்குக் கொடுத்துவிட்டாய். உன் வீட்டில் நாலு சுவருக்கு மேல் ஈரக் கிடுகு. நான் தினமும் அந்த வாசலால் கடிதம் கொண்டு போனேன். உன் மனைவி சட்டிகளை ஒழுக்குக்கு வைப்பதைக் கண்டேன். தை மாதத்தில் எஸ்தருக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டாள். ஐந்து வயது.

தகரம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா? யாருக்குத் தெரியும். அந்த மாரியில் ஓட்டு வீட்டுப் பிள்ளைகளும் செத்தார்கள். உம்மா அதைத்தான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னா. நானும் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். அது என் நெஞ்சுக்குள் போகவே இல்லை. அவளுடைய சின்னப் பெட்டிக்கு ஆணி அடித்தபோது நான் காதைப் பொத்திக்கொண்டு கல்லறைகள் கிடக்கும் சேமக்காலையின் சுவருக்கு வெளியே நின்றேன்.

சித்திரையில்தான் எனக்கு வாய் திறந்தது. வழி முடித்து, கடற்கரை வீதியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தபோது, தாழைப் பற்றைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை நீ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தெரியும்," என்றாய். "உன்ட தங்கச்சிட தெருவுக்குக் கடிதம் குடுக்கிறவன் ஆரு? நீ தகரத்த அடுக்கி வெச்ச அண்டைக்கே கண்டிட்டன்."

"ஏன்டா கேக்கல்ல?"

"கேட்டா நீ தந்திருப்பாய். அந்தப் புள்ளட கலியாணம் நிண்டு போயிருக்கும்."

"இப்பவே கழட்டித் தாறன்."

"கழட்டாத. உன்ட தங்கச்சி வயித்தில புள்ளையோட இருக்கிறா எண்டு கேள்வி. இன்னொரு புள்ளயும் நனையோணுமா?"

நான் உன் காலில் விழப் போனேன். சைக்கிள் இடையில் நின்றது. நீ என் தோளைப் பிடித்து நிறுத்தினாய், கோபமாகத்தான் பிடித்தாய், உன் விரல் பதிந்தது. பிறகு சொன்னாய்: "நான் மன்னிச்சிட்டன் எண்டு சொன்னா அது பொய். வாய்க்கு வருகுதில்ல. மழ ஒழுகேக்க அவள், அப்பா, இலக்கமெல்லாம் எங்க எண்டு கேட்டவள். நான் என்ன சொல்ல? தகரத்த நீ எடுத்தாய். படங்க நான் தூக்கிக் குடுத்தன். பெண்சாதி என்னோட கதைக்கிறயும் இல்ல. காலம்பற எழும்பின உடன உன்ட பேரச் சொல்லி, மன்னிச்சன் எண்டு சொல்லிப் பாக்கிறன். மறுகா என்ட பேரையும் சொல்லுறன். ரெண்டும் தொண்டையில நிக்கிது. ஆனா சொல்லுறத விடமாட்டன். நீயும் வாறத விடாத."

அதுவரை எனக்கு மன்னிப்பு என்றால் ஒரு பேச்சு. பெருநாள் தொழுதுவிட்டு ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துச் சொல்வோமே, அது. மன்னிக்க முடியாமல் ஒரு மனிதன் தினமும் எழும்பி அதற்கு வேலை செய்வான் என்று நான் கண்டதில்லை. எங்களிடம் சபுறு என்று ஒரு சொல் இருக்கிறது. பொறுமை என்று சொன்னால் போதாது. கல்லைப்போல் கிடப்பதும் அல்ல. அதன் பொருளை நான் ஒரு வேதக்காரனின் முகத்தில்தான் படித்தேன்.

நாலு வருடம், மச்சான். நாலு வருடமும் காலை ஏழரைக்கு எதிர் மேசையில் உன் முகத்தைப் பார்ப்பேன். நான் வாயால் கேட்பதில்லை. நீ சில நாள் தலையை மெல்ல ஆட்டுவாய், இன்னும் இல்லை என்று. சில நாள் பார்க்கவே மாட்டாய். ஆனால் பத்து மணிக்கு உன் பிட்டில் பாதி என் பக்கம் வந்துவிடும். உம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் வழியையும் சேர்த்து ஓடினாய். உன் மனைவி மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினா. தங்கச்சியின் வீட்டுக்குக் கடிதம் வந்தால் மட்டும், வேலிக்கு வெளியே நின்று மணி அடிப்பாய். பிள்ளை ஓடிவந்து வாங்கிக்கொண்டு போவான். அந்தக் கூரைக்குக் கீழே நீ ஒருநாளும் கால் வைக்கவில்லை. வெள்ளைத்துணி அவிழ்த்து எவ்வளவோ காலம். இலக்கங்கள் எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்தன.

எண்பத்துமூன்று மாசியில் ஒரு நாள். நான் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே மணி கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டு நீ உள்ளே வருகிறாய். தங்கச்சியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாய். பாயில் இருந்தாய். பிறகு மேலே பார்த்தாய். உன் உதடு அசைந்தது, எண்ணுகிறாய் என்று எனக்கு விளங்கியது. ஏழில் நின்றாய்.

"உன்ட ஏழு இன்னம் அழியல்ல," என்றாய். பிறகு, "இண்டைக்கு வந்திட்டு மச்சான். காலம்பறச் சொல்லேக்க தடக்குப்படாம வந்திட்டு. நாளைக்குப் போகுமோ தெரியா. போனா திரும்பச் சொல்லுவன்."

சோற்றுக் கையோடு நான் அழுதேன். நீயும் அழுதாய். என்ன ஏது என்று தெரியாமல் தங்கச்சி செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மூன்று வயது மகன் உன் மடியில் ஏறி, மேலே கையைக் காட்டி, ஒன்று, நாலு, ஏழு என்று படிக்கத் தொடங்கினான். நீ அவனுக்கு விட்டுப்போன இலக்கங்களைச் சொல்லிக்கொடுத்தாய்.

அதற்குப் பிறகு நமக்கு நல்ல நாட்கள் அதிகம் இருக்கவில்லை. தமிழர் என்றும் முஸ்லிம் என்றும் உங்கள் ஆட்களும் எங்கள் ஆட்களும் வெட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். நீ எங்கள் தெருவுக்கு வர முடியாது, நான் உங்கள் தெருவுக்குப் போக முடியாது. பெரியவர் வழிகளை மாற்றித் தந்தார். முதன்முறையாக நான் என் ஆட்களுக்கும் நீ உன் ஆட்களுக்கும் கடிதம் கொடுத்தோம். எங்கள் உம்மாமார், "அந்த வேதக்காரத் தம்பி எங்க மனே? நீ வாசிக்கிற எங்களுக்கு விளங்குதில்ல," என்று என்னிடம் குறைப்பட்டார்கள்.

எண்பத்தேழில் உனக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. இரண்டு பக்கமும் ஆள் விழுந்துகொண்டிருந்த கிழமை அது. உம்மாவைப் பார்க்க நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோதுதான், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒருவர் வந்து சொன்னார். விடியப்புறம் நீ போய்விட்டாயாம். பின்னேரம் மூன்று மணிக்கு அடக்கமாம். உன் வீட்டுக்கும் எனக்கும் இடையில் அரை மைல். நான் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிள் பூட்டின் திறப்பைத் தேடினேன்.

தங்கச்சியைக் கட்டிய மாப்பிள்ளை அறை வாசலில் நின்றார். என்னை மச்சான் என்று கூப்பிட இந்த உலகத்தில் இரண்டே பேர்தான் இருந்தீர்கள். அவர் முறைக்காரர், நீ முறையில்லாதவன். "மச்சான், போகாதீங்க. நேத்தும் சந்தியில ரெண்டு பேரப் புடிச்ச. போனா உசிரோட வரமாட்டீங்க," என்றார். நான் அவரைத் தள்ளினேன். அவர் என்னை அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார். வெளியே கதவில் முதுகைச் சாய்த்து இருந்துகொண்டார். கெஞ்சினேன். ஏசினேன். இன்று எழுத முடியாத வார்த்தைகளால் ஏசினேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

மூன்று மணிக்கு உங்கள் கோயில் மணி அடித்தது. மேலே பார்த்தேன். அந்த அறைக்கு மேல்தான் ஏழு. நான் களவெடுத்த கூரைக்குக் கீழே, யாருக்காகக் களவெடுத்தேனோ அந்த மனிதனால் பூட்டப்பட்டு, நான் உன்னை அடக்கம் செய்தேன். உன் பெட்டியைத் தூக்க என் தோள் வரவில்லை.

பொழுதுபட்டு மஃரிபு தொழுகை நேரம் கதவு திறந்தது. "ஏசுங்க மச்சான், அடிங்க. நீங்க உசிரோட இருக்கிறீங்க, எனக்கு அது போதும்," என்றார். நான் அவரைத் தாண்டி நடந்தேன். அன்றைக்குப் பிறகு அவருக்கு ஸலாம் சொல்வேன், ஸலாத்துக்குப் பதில் சொல்வேன், நல்லது கெட்டதில் பக்கத்தில் நிற்பேன். அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. என் உயிரைக் காத்த மனிதர். அவர் செய்தது சரி என்று ஊர் சொல்லும், நானும் சொல்வேன். சரியைச் செய்தவரை மன்னிக்க முடியாமல் கிடப்பது என்ன மனம் என்று எனக்கு விளங்கவில்லை.

பாதை திறந்து உன் வீட்டுக்கு நான் போக இரண்டு மாதமாயிற்று. உன் மனைவி கதிரையை எடுத்துப் போட்டா. கடைசிக் கிழமையிலும் காலையில் என் பெயரைச் சொன்னாயாம். "அவருக்கு அது வந்திட்டு எண்டுதானே சொன்னவர்?" என்று கேட்டேன். "ஓம். வந்தத ஒவ்வொரு நாளும் பிடிச்சு வெச்சிருக்கோணும் எண்டுவார்," என்றா. அன்றில் இருந்து நானும் விடியச் சுபஹு தொழுது முடிந்ததும், கதவைப் பூட்டியவரின் பெயரைச் சொல்லத் தொடங்கினேன். உன்னிடம் கற்றது அந்த ஒன்றுதான், அதிலும் நான் மந்தமான மாணவன். உனக்கு நாலு வருடம் எடுத்தது. எனக்கு எத்தனை வருடம் என்று எண்ண வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை நான் வேலிக்கு வெளியே நின்றதைத் தங்கச்சியின் மாப்பிள்ளை காணவில்லை. இப்போது கிழவர், கண் பார்வையும் மட்டு. கழற்றிய தகரத்தைக் கொண்டு ஆட்டுக்கு ஒரு கொட்டில் போடப்போவதாக ஓடாவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தக் காலத்து ஆணிக்குத் தல சின்னன் வாப்பா. இந்த ஓட்டைக்குள்ளால உருவிக்கிட்டுப் போகுது. பழசெல்லாம் கறள் புடிச்சு முறியிது," என்றார் ஓடாவி. மாப்பிள்ளை ஒரு தகரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வீட்டுக்கு வந்தேன். அலுமாரிக்கு அடியில், அன்று மிஞ்சிய ஆணிகளோடு உன் பேணி இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை தேங்காய் எண்ணெய் பூசி வைப்பேன், கறள் பிடித்ததில்லை. அதை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். இந்த முறை வேலியில் நிற்கவில்லை. அவர் கையைப் பிடித்து அதில் பேணியை வைத்தேன்.

"இந்தாங்க மாப்பிள்ளை, ஆணி. அந்த ஓட்டைக்கு அளவா இருக்கும்."

அவர் பேணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேணியை மெல்ல ஆட்டினார், ஆணிகள் சலசலத்தன. "மச்சான், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்களன்," என்றார். இத்தனை வருடமும் என்னைக் காணும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் அதே கேள்வி. தங்கச்சி கோப்பையோடு வந்தாள். கூரை இல்லாத அந்த வீட்டில், சுள்ளென்ற வெயிலில், ஏழாம் தகரத்தின்மேல் குந்தியிருந்து குடித்தேன். பாதிதான் இறங்கியது. மீதியை வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

வந்திட்டா என்று கேட்பாய். இன்னும் இல்லை, மச்சான். நாளை சுபஹுக்குப் பிறகு திரும்பவும் சொல்லிப் பார்க்கிறேன்.